மாற்றக் கோட்பாடு: திட்டம் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இயங்கும் சிறு தொண்டு அமைப்புகளோடும் மகளிர் குழுக் கூட்டமைப்புகளோடும் உட்கார்ந்து திட்டம் எழுதுவதும், முடிந்த திட்டங்களை மதிப்பீடு செய்வதும் என் வேலை. பயிற்சிகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அந்த இடங்களில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

மாற்றக் கோட்பாடு என்றால் என்ன? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

நாம் செய்யப்போகும் வேலையால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறும், அது எந்தெந்தப் படிகளைத் தாண்டி நடக்கும், ஒவ்வொரு படியிலும் அப்படித்தான் நடக்கும் என்று எதை வைத்து நம்புகிறோம் என்பதை எழுதி வைப்பதுதான் மாற்றக் கோட்பாடு. 'தியரி ஆஃப் சேஞ்ச்' என்று நிதி தருபவர்கள் கேட்பது இதைத்தான்.

'கண்மாயைத் தூர்வாரினால் விவசாயம் செழிக்கும்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த வரியை ஆயக்கட்டு விவசாயி ஒருவரிடம் படித்துக் காட்டிப் பாருங்கள். தூர்வாரியாச்சு, சரி. வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? மேலே இருக்கும் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தானே நம் கண்மாய்க்கு வரும்? மடையின் அடிமட்டத்துக்கும் கீழே ஆழமாகத் தோண்டிவிட்டால் அந்தத் தண்ணீர் வயலுக்கு எப்படி ஏறும்? மடையைத் திறந்து அடைக்க ஊரில் ஆள் இருக்கிறாரா, அவருக்குக் கூலி யார் கொடுப்பது? கடைமடைக்காரர் முறை வரும்வரை தண்ணீர் மிஞ்சுமா? இத்தனை கேள்விகளும் அந்த ஒற்றை வரிக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து, வரிசைப்படுத்தி, நம் பதிலையும் பக்கத்தில் எழுதினால் அதுவே மாற்றக் கோட்பாடு. கண்மாய் வேலை பார்த்த பெரியவர்கள் இதைக் காலங்காலமாக மனதிலேயே போட்டு வைத்திருந்தார்கள். நாம் தாளில் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

திட்ட மதிப்பீட்டுத் துறையில் பெரிய பெயர் பெற்ற அமெரிக்க ஆய்வாளர் கரோல் வைஸ் 1995-ல் எழுதிய கட்டுரைதான் இந்தச் சொல்லைப் பரவச் செய்தது. ஆஸ்பென் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு ஒன்றில் அது வந்தது. ஒரு பகுதி மக்களின் வாழ்க்கையை மொத்தமாக மேம்படுத்தக் கிளம்பும் பெரிய சமூகத் திட்டங்களை மதிப்பிடுவது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று யோசித்தார் அவர். திட்டம் நடத்துபவர்களுக்கே நடுவில் என்னென்ன நடக்க வேண்டும் என்பது தெளிவாக இல்லை. தொடக்கம் தெரியும், கடைசியில் வேண்டியதும் தெரியும். நடுவழி மங்கலாக இருக்கும். அந்த நடுவழியை முன்கூட்டியே எழுதி வைத்தால், மதிப்பிடுபவர் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்க்கலாம் என்பது அவர் சொன்னது.

நாங்கள் ஏற்கெனவே லாக்ஃப்ரேம் எழுதுகிறோமே, இது எதற்கு?

நியாயமான கேள்வி. லாக்ஃப்ரேம் என்னும், திட்டத்தைச் சுருக்கி எழுதும் கட்டம் போட்ட அட்டவணை 1969-70 வாக்கில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக உருவானது. நாலு வரிசை, நாலு பத்தி (மேலிருந்து கீழே வரும் கட்டங்கள்). கடைசிப் பத்தியின் தலைப்பு 'அனுமானங்கள்'. ஆக, யோசனை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்தக் கடைசிப் பத்திக்கு வரும்போது எல்லோரும் களைத்துப்போயிருப்பார்கள். 'பருவமழை சரியாகப் பெய்யும்', 'அரசுத் துறைகள் ஒத்துழைக்கும்' என்று இரண்டு வரி எழுதி மூடிவிடுவார்கள். நான் பார்த்த முன்மொழிவுகளில் பாதிக்கும் மேல் இந்த இரண்டு வரிகள் அப்படியே இருந்தன.

மாற்றக் கோட்பாடு அந்தக் கடைசிப் பத்தியைத் தூக்கி நடுவில் வைக்கிறது. முதலில் இதை எழுதுங்கள், அப்புறம் அதிலிருந்து லாக்ஃப்ரேமை நிரப்புங்கள். தலைகீழாகச் செய்தால் இரட்டை வேலைதான் மிஞ்சும்.

இப்படி எழுதி வைத்ததால் எதையாவது கண்டுபிடித்த உதாரணம் உண்டா?

உண்டு. அது தொடங்குவதே நம் மாநிலத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தது. மதுரை மாவட்டமும் அதில் இருந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. கூடவே அம்மாவுக்கு, எதை, எப்போது, எவ்வளவு ஊட்ட வேண்டும் என்று ஆலோசனை. கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. உலகம் முழுக்க இந்தத் திட்டத்துக்கு நல்ல பெயர்.

1995-ல் ஏறக்குறைய இதே அச்சில் வங்கதேசத்தில் ஒரு திட்டம் வந்தது. எடை போட்டார்கள், ஆலோசனை சொன்னார்கள், உணவு கொடுத்தார்கள். எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. ஏன் என்று ஹோவர்டு வைட் என்ற மதிப்பீட்டாளரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தபோது, திட்டத்தின் படிகள் கோத்த சங்கிலியைக் கணு கணுவாகப் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சொன்னால் குழந்தையின் சாப்பாடு மாறும் என்பது திட்டத்தின் அடிப்படை நம்பிக்கை. ஆனால் அந்த ஊர்களில் பல வீடுகளில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பமாக இருந்தால் அடுப்படி அதிகாரம் மாமியார் கையில். ஆலோசனை கேட்ட அம்மாவுக்கு விஷயம் புரிந்திருந்தது, செய்யும் உரிமை இல்லை. இதோடு, வளர்ச்சி அட்டையைப் படித்து எந்தக் குழந்தைக்கு உணவு கொடுப்பது என்று முடிவெடுப்பதிலும் பணியாளர்கள் தடுமாறினார்கள்.

இதைப் பயிற்சியில் சொல்லும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன்: 'நம்ம ஊரில் இன்றைக்கு ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு மத்தியானச் சோறு யார் ஊட்டுகிறார்கள்?' கொட்டாம்பட்டிப் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர்கள் யோசிக்காமல் சொல்வார்கள், அப்பத்தா என்று. அம்மா களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ, இல்லை திருப்பூருக்கோ போயிருப்பார். நாற்பது வருடம் முன்பு இங்கே சரியாக இருந்த கணக்கு இன்றைக்கும் அதே ஊரில் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மாக்களைக் கூட்டி வைத்து நடத்தும் கூட்டத்துக்கு அப்பத்தாக்களையும் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அனுமானம் என்பதை எப்படி அடையாளம் காண்பது? எங்களுக்கு எல்லாமே உறுதியாகத் தெரிந்த விஷயமாகத்தானே படுகிறது?

உறுதியாகத் தெரிவதுதான் சிக்கல். படிகளைப் பெட்டி பெட்டியாக வரைந்து அம்புக்குறியால் இணைத்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் ஒவ்வொரு அம்புக்குறி மேலேயும் விரலை வைத்து, 'இது நடக்க வேறு என்ன உண்மையாக இருக்க வேண்டும்?' என்று சத்தமாகக் கேளுங்கள். பதிலை அலுவலகத்தில் தேடாதீர்கள். ஊருக்குப் போங்கள்.

மேலூர் ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் தொடங்கத் திட்டமிட்டோம். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சரளமாகத் தமிழ் வாசிக்க வேண்டும் என்பது குறிக்கோள். ஊர் கூடும் பொது இடமான மந்தையில் சாக்பீஸால் தரையிலேயே படிகளை வரைந்தேன். முதல் பெட்டியில் 'மாலை ஆறு மணிக்கு மையம் திறக்கும்'. அடுத்த பெட்டியில் 'பிள்ளைகள் தினமும் வருவார்கள்'. ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பாக்கை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஆறு மணிக்குத்தான்ப்பா குழாயில தண்ணி வருது. பொம்பளப் பிள்ளைக எப்படி வரும்? ஆம்பளப் பய மட்டும் படிச்சாப் போதுமா?"

இரண்டு மாதமாக நாங்கள் அறையில் உட்கார்ந்து தயாரித்த திட்டம் அது. அந்த ஒரு அம்புக்குறி அங்கேயே அழிந்தது. மையத்தை ஏழு மணிக்கு மாற்றினோம். ஏழு மணி என்றால் இருட்டிவிடும், பிள்ளைகளை வீடு கொண்டுபோய் விட ஆள் வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் அந்தப் பாட்டியே இரண்டு பேரைச் சொன்னார்.

மதிப்பீட்டில் இது எப்படி உதவும்? கடைசியில் ரிசல்ட் வந்ததா இல்லையா என்று பார்த்தால் போதாதா?

போதாது. அதே படிப்பு மையத்தின் கதையைத் தொடர்கிறேன். வருகைப் பதிவேட்டில் தினமும் 30 பிள்ளைகள். பெண் பிள்ளைகளும் வந்தார்கள். ஏழு மாதம் கழித்து வாசிப்புச் சோதனை வைத்தோம். பிள்ளைகளின் வாசிப்புத் திறனைப் பார்க்க 2005-லிருந்து நாடு முழுக்க நடக்கும் அசர் ஆய்வில் பயன்படுத்தும் முறையேதான்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று நாலு படி. தொடக்கத்தில் இருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடப் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று 'வாசித்தாள்'. ஒரு பிழை இல்லை. ஆனால் அவள் வாய் மூன்றாவது வரியில் இருக்கும்போது விரல் இரண்டாவது வரியிலேயே நின்றிருந்தது. மனப்பாடம். புத்தகத்தில் இல்லாத ஒரு சின்ன வாக்கியத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் சொல்லையே எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவள் பக்கம் ஒரு தவறும் இல்லை.

எங்களிடம் சங்கிலி எழுதி வைத்திருந்ததால் எங்கே தேடுவது என்று தெரிந்தது. மையம் திறந்ததா? திறந்தது. பிள்ளைகள் வந்தார்களா? வந்தார்கள். வந்த பிள்ளை தினமும் வாய்விட்டு வாசித்ததா? அந்தக் கணுவை நாங்கள் ஏழு மாதமும் பார்க்கவே இல்லை. ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்த்தோம். முக்கால்வாசி நேரம் பள்ளி வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவதில் போய்க்கொண்டிருந்தது. பெற்றோர் கேட்டது அதைத்தான், தன்னார்வலரும் அதையே செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினம் அரை மணி நேரம் வாசிப்பு என்று அவருக்கு நாங்கள் தெளிவாகச் சொல்லவே இல்லை.

கரோல் வைஸ் செய்த ஒரு முக்கியமான பிரிவினை இங்கே உதவுகிறது. திட்டம் பலன் தராவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. நினைத்த வேலை நினைத்தபடி நடக்கவில்லை. அல்லது வேலை ஒழுங்காக நடந்தும் நம் கணக்கே தப்பு. முதலாவது என்றால் வேலையைச் சரிசெய்யலாம். இரண்டாவது என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டும். கடைசி ரிசல்ட்டை மட்டும் பார்த்திருந்தால் 'மாலை நேர மையத்தால் பயன் இல்லை' என்று எழுதி மூடியிருப்போம். அந்த முடிவு தப்பாகப் போயிருக்கும்.

மாற்றம் வந்தது என்றால், அது எங்களால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது?

இதில் நேர்மை வேண்டும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதே காலத்தில் உங்கள் அமைப்பும் பள்ளி வருகையைக் கூட்ட வீடு வீடாகப் போனது என்று வைத்துக்கொள்வோம். வருகை கூடியிருக்கிறது. யார் காரணம்? இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் பங்கு இருக்கலாமே?

சீட்டுக் குலுக்கிப் பாதி ஊரில் திட்டம், மீதி ஊரில் இல்லை என்று வைத்து ஒப்பிடுவது வலுவான முறை. இந்த வகை ஆய்வுகளை வறுமை ஒழிப்பில் கொண்டுவந்ததற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆனால் ஐந்து ஊரில் வேலை செய்யும் அமைப்புக்கு அது கட்டுப்படியாகாது. உங்களுக்குத் தோதானது, கனடாவின் ஜான் மேய்ன் முன்வைத்த பங்களிப்புப் பகுப்பாய்வு. உங்கள் சங்கிலியில் ஒவ்வொரு கணுவும் வரிசைப்படி நடந்ததா, வேறு என்ன காரணங்கள் இருந்திருக்கலாம், அவற்றை எதை வைத்து ஏற்கிறீர்கள் அல்லது தள்ளுகிறீர்கள் என்று எழுதுவது. நீங்கள் போகாத வீட்டுப் பிள்ளைகளின் வருகையும் அதே அளவு கூடியிருந்தால் பெருமையைக் காலை உணவுக்குக் கொடுத்துவிடுங்கள். போன வீடுகளில் மட்டும் கூடுதலாக ஏறியிருந்தால் 'எங்களுக்கும் பங்கு உண்டு' என்று தைரியமாக எழுதலாம்.

நன்றாக வேலை செய்த சங்கிலிக்கு மதுரையில் ஓர் உதாரணம்?

அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்றால் ஏழைகள் வந்துவிடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சிகிச்சை இலவசமாக இருந்தாலும் பஸ் செலவு இலவசமில்லை. கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். சாப்பாடு, தங்க இடம், 'கண்ணில் கத்தி வைப்பார்களே' என்ற பயம், எல்லாம் நடுவில் நிற்கும். அதனால் முகாம் ஊர்ப்பக்கமே போனது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்களை முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, சிகிச்சை முடித்துத் திரும்ப ஊரில் விடும் முறை வந்தது. ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும்போது பயமும் குறையும். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை அடுத்த தடையாக நின்றபோது, 1992-ல் ஆரோலேப் தொடங்கி அதையும் இங்கேயே செய்தார்கள். அவர்கள் இதற்கு மாற்றக் கோட்பாடு என்று பெயர் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொரு கணுவிலும் ஆள் எங்கே நின்றுபோகிறார் என்று பார்த்தார்கள்.

எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது?

கடைசியிலிருந்து. யாருக்கு, என்ன மாற வேண்டும் என்று முதலில். அதற்கு உடனே முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கி வாருங்கள். நம் செயல்பாடுகள் கடைசியாகத்தான் எழுதப்பட வேண்டும். 'எங்களிடம் தையல் மிஷின் பத்து இருக்கிறது' என்பதிலிருந்து ஆரம்பித்தால் ஊருக்கு வேண்டியது எதுவானாலும் பதில் தையல் பயிற்சியாகத்தான் வந்து நிற்கும்.

கடைசிப் பெட்டியில் 'வறுமை ஒழியும்' என்று எழுதாதீர்கள். அது ஆசையாக இருக்கட்டும், தாளின் மேலே எழுதி வையுங்கள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, இதுவரைக்கும் நாங்கள் பொறுப்பு என்று காட்டுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதைத்தான் உங்களிடம் கேட்க முடியும்.

திட்டம் சரியாகப் போகிறதா என்று அளந்து பார்க்க எத்தனை குறியீடுகள் வைக்கலாம்?

எந்த அனுமானம் தப்பினால் திட்டமே படுத்துவிடுமோ, அந்த இடங்களுக்கு மட்டும். சின்ன அமைப்புக்கு ஐந்தாறு போதும். களப்பணியாளர் ஒருவர் இரவு பத்து மணிக்கு முப்பது கட்டங்களை நிரப்பினால் அதில் பாதி கற்பனையாகத்தான் இருக்கும். தப்பு அவருடையது இல்லை.

படமாக வரைவதா, பத்தியாக எழுதுவதா?

இரண்டும். படம் கூட்டத்துக்கு, இரண்டு பக்க எழுத்து அலுவலகத்துக்கு. படத்தை மட்டும் வைத்தால் ஆறு மாதத்தில் அம்புக்குறிகளின் அர்த்தம் வரைந்தவருக்கே மறந்துபோகும்.

நிதி தருபவர் கேட்பதால்தான் எழுதுகிறோம். உள்ளதை உள்ளபடி எழுதினால் பணம் கிடைக்குமா?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சம்பளம் நின்றால் களப்பணியாளர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் என் அனுபவத்தில், 'இந்த இடத்தில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, மூன்றாவது மாதம் இப்படிப் பார்த்துச் சொல்வோம்' என்று எழுதிய முன்மொழிவுகளை நல்ல நிதியாளர்கள் தள்ளியதில்லை. சந்தேகமே இல்லாமல் எழுதியதைத்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஒன்று செய்யலாம்: அனுப்பும் வடிவம் எப்படி இருந்தாலும், உங்கள் குழுவுக்கென்று ஒரு பிரதியில் சந்தேகங்கள் அத்தனையும் இருக்கட்டும்.

நடுவில் திட்டத்தை மாற்றினால் தோற்றதாக ஆகாதா?

ஆகாது. படிப்பு மையத்தில் ஏழாம் மாதம் சங்கிலியைத் திருத்தினோம். முதல் அரை மணி நேரம் வாசிப்பு மட்டும், வீட்டுப்பாடம் அப்புறம். பெற்றோரைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னோம். பாடப் புத்தகத்தில் இல்லாத கதை அட்டைகளைக் கொடுத்தோம். திருத்திய தாளில் தேதி போட்டு, எதை ஏன் மாற்றினோம் என்று நாலு வரி எழுதிப் பழைய தாளோடு சேர்த்துக் கோப்பில் வைத்தோம். பழையதைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த ஊருக்குப் போகும் புதுக் களப்பணியாளருக்கு அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்த சோதனையில் அந்தச் சிறுமி கதை அட்டையில் பத்தி நிலைக்கு வந்திருந்தாள். மெதுவாகத்தான் வாசித்தாள், இரண்டு சொற்களில் திக்கினாள். விரல் வாயோடு சேர்ந்தே நகர்ந்தது.